4.4 கிகாஹேர்ட்ஸ் ஓடும் பழைய ஐ5: 1333, 1600, 2133 - எந்த ரேம்?

எங்கள் கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டின் கீழ் மாடித் தம்பி போன கிழமை மேலே வந்தான். "அண்ணா, 2133 ரேம் ஒரு சோடி பார்த்து வச்சிருக்கிறன். காசைக் குடுக்கவா?" அவனிடம் இருப்பது ஐ5-2500கே. 2011 ஜனவரியில் வெளிவந்த புரொசசர் (சிபியு). இன்டெல் போட்டுக் கொடுத்த வேகம் 3.3 கிகாஹேர்ட்ஸ், இவன் பி67 வகை மதர்போர்டில் அதை 4.4க்கு ஏற்றி வைத்திருக்கிறான். ரேம் 1333 (இந்த இலக்கம்தான் ரேமின் வேகம்), 4 ஜிபி கார்ட் இரண்டு. இந்த வயதுச் சாமானுக்கு இவ்வளவு யோசனையா என்று கேட்கலாம். 2022இல் 200 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 பக்கம் போனதைப் பார்த்த ஊர் இது. பழைய மெஷினை இங்கே யாரும் லேசில் தூக்கிப் போடுவதில்லை.

கடைக்காரர் அவனுக்குச் சொன்ன நியாயம் இதுதான்: "சிபியு அவ்வளவு வேகமா ஓடுது, ரேம் மெதுவா நின்றா என்ன பிரயோசனம்?" இதைச் சும்மா விற்பனைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. சிபியு கேட்ட தரவு ரேமிலிருந்து வந்து சேர 60 நனோ செக்கன் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 3.3 கிகாஹேர்ட்ஸில் அது 198 சுற்று (சிபியுவின் ஒரு துடிப்பு ஒரு சுற்று), 4.4இல் 264 சுற்று. ரேம் மாறவில்லை, ஆனால் சிபியு 66 சுற்று கூடுதலாகக் கைகட்டி நிற்கிறது. இப்படி வேகத்தை ஏற்றி, அதாவது ஓவர்குளொக் செய்தவனுக்குத்தான் ரேம் வேகம் கூடுதலாகத் தேவை என்ற வாதம் இங்கிருந்து வருகிறது.

ஆனால் கடைக்காரர் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று உண்டு. சிபியு ஒவ்வொரு தடவையும் ரேமுக்கு ஓடுவதில்லை. உள்ளேயே எல்3 கேஷ் என்ற சிறிய, வேகமான நினைவகம் 6 எம்பி இருக்கிறது. பெரும்பாலான வேலை அங்கேயே முடிந்துவிடும். அதோடு இந்தத் தலைமுறையில் ஒரு வசதி: எல்3 கேஷ் சிபியு கோர்களின் வேகத்திலேயே ஓடுகிறது. கோரை 4.4க்கு ஏற்றினால் கேஷும் கூடவே ஏறிவிடும். அதாவது ஓவர்குளொக் செய்தபோதே அவன் அருகிலுள்ள நினைவகத்தையும் காசில்லாமல் வேகமாக்கிவிட்டான். இரண்டு தலைமுறை தள்ளி வந்த இன்டெல்லின் ஹாஸ்வெல்லில் கேஷின் வேகம் தனியாகப் பிரிந்துவிட்டது.

சரி, கணக்குக்கு வருவோம். இரண்டு கார்ட் போட்டு டுவல் சனலில் (இரண்டு பாதையும் சேர்ந்து) ஓடும்போது செக்கனுக்கு எவ்வளவு தரவு போகலாம், கார்டில் எழுதியிருக்கும், காத்திருப்பைச் சொல்லும் சிஎல் இலக்கம் உண்மையில் எத்தனை நனோ செக்கன்:

1333, சிஎல்9: 21.3 ஜிபி, 13.5 நனோ செக்கன்
1600, சிஎல்9: 25.6 ஜிபி, 11.25
1600, சிஎல்11: 25.6 ஜிபி, 13.75
1866, சிஎல்10: 29.9 ஜிபி, 10.7
2133, சிஎல்11: 34.1 ஜிபி, 10.3

முதல் இரண்டு வரிகளைப் பாருங்கள். 1333இலிருந்து 1600 சிஎல்9க்குப் போனால் இரண்டு பக்கமும் லாபம். அங்கிருந்து 2133க்குப் போனால் தரவு போகும் அகலம் கூடுகிறது, ஆனால் காத்திருப்பில் சிஎல்லின் பங்கு ஒரு நனோ செக்கன்கூடக் குறையவில்லை. மொத்தக் காத்திருப்பு 60 பக்கம் என்பதை மறக்க வேண்டாம். கொழும்புக் காலி வீதியில் பம்பலப்பிட்டிச் சந்தி நெரிசலில் நிற்கிறவனுக்கு தெஹிவளையில் ஒரு லேன் அகலமாக்கிக் கொடுத்த மாதிரி.

அந்தக் கூடுதல் அகலம் யாருக்கு உதவும்? பெரிய கோப்புகளை 7-சிப் மென்பொருளில் சுருக்குகிறவருக்கு உதவும். நல்ல கிராபிக் கார்ட் இருந்து, சிபியுதான் முட்டுக்கட்டை என்ற நிலையில் திறந்தவெளி கேம் ஆடுகிறவருக்கு, திடீர் திடீரென்று விழும் ஃபிரேம்கள் கொஞ்சம் மட்டுப்படும். இரண்டுமே ஓவர்குளொக்கோடு சேரும்போது கூடுதலாகத் தெரியும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். தம்பியின் கதை வேறு. அவன் போட்டிருப்பது நடுத்தரக் கிராபிக் கார்ட். கேமில் அதுதான் முதலில் மூச்சு வாங்குகிறது. மற்ற நேரமெல்லாம் பிரௌசர், ஸூம் வகுப்பு, கம்பஸ் அசைன்மென்ட். இந்த வேலைகளில் 1600க்கும் 2133க்கும் இடையிலான வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்கவே முடியாது.

1866 எப்படி என்று கேட்டால், 1600 சோடியின் விலைக்கே கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

2133இல் எனக்குள்ள பெரிய தயக்கம் வேகம் பற்றியதல்ல. ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி இந்தச் சிபியுவுக்குள்ளேயே இருக்கிறது. இன்டெல் அதற்கு உத்தரவாதம் தந்தது 1333 வரைதான். 2133 என்பது பயோஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) இருக்கும் கடைசிப் படி. அந்த வேகக் கார்ட்கள் பலவும் 1.65 வோல்ட் கேட்கும். இந்த ரேம் வகையான டிடிஆர்3இன் அளவு 1.5. வருடக்கணக்காக 1.65இல் ஓட்டிய ஆட்களும் உண்டு, ஆனால் அவர்களின் சிபியுவும் உங்களுடையதும் ஒன்றல்ல. மதியம் மூன்று மணிக்கு ஏசி இல்லாத அறையில் 31, 32 பாகை வெக்கையில் 4.4ஐத் தாங்கிக்கொண்டிருக்கும் சிபியுவின் தலையில் இன்னொரு சுமையையும் ஏற்றினால், ஒரு நாள் நீலத் திரை வரும். அப்போது குற்றவாளி கோர் வேகமா, ரேமா என்று கண்டுபிடிப்பதுதான் நரகம். நான் அதில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்திருக்கிறேன். செய்தே ஆகவேண்டும் என்றால் முதலில் சிபியுவை 3.3க்கு இறக்கி, ரேமை மட்டும் மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருளில் ஓர் இரவு ஓடவிட்டு, அது சுத்தமாக வந்த பிறகு கோரை ஏற்றுங்கள்.

இன்னும் பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோர் 2 காலத்தில் (கியூ6600 மாதிரி) சிபியுவுக்கும் ரேமுக்கும் நடுவில் எஃப்எஸ்பி என்றொரு வாசல் இருந்தது. 1333 எஃப்எஸ்பியில் அதன் அளவு செக்கனுக்கு 10.7 ஜிபி, டுவல் சனல் டிடிஆர்2-800 தருவதோ 12.8. வாசலே சிறிது, வெளியே லொறியைப் பெரிதாக்கி லாபமில்லை. அங்கே ஓவர்குளொக் செய்வதே எஃப்எஸ்பியை ஏற்றித்தான் என்பதால், ரேம் அந்த ஏற்றத்தைத் தாங்கினால் போதும். 400 எஃப்எஸ்பியில் (மேலே 1333 என்று எண்ணிய கணக்கில் இது 1600) ரேமை ஒன்றுக்கு ஒன்று வைத்தால் டிடிஆர்2-800 கச்சிதமாகப் பொருந்தும்.

கதை நேர் எதிராகப் போவது ஏஎம்டி ஏபியு மெஷின்களில். ஏ8, ஏ10 மாதிரிச் சிபியுக்களில் கிராபிக்ஸும் உள்ளேயே இருப்பதால் இரண்டும் ஒரே ரேமிலிருந்துதான் சாப்பிடுகின்றன. தனிக் கிராபிக் கார்ட் இல்லாமல் அதில் கேம் ஆடுகிறவர் 1866 அல்லது 2133க்குக் காசு கொடுப்பது நியாயம், ஃபிரேமிலேயே தெரியும்.

வேகத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், 1333ஐயும் 2133ஐயும் ஒருசேரத் தோற்கடிப்பவை இரண்டு. ஒன்று, கார்ட் இரண்டாக இருப்பது. 8 ஜிபி ஒற்றைக் கார்ட் 1600இல் தருவது 12.8 ஜிபி; 4 ஜிபி இரண்டு கார்ட் 1333இலேயே 21.3 தருகிறது. எத்தனையோ பேர் 1600 என்ற இலக்கத்தைப் பார்த்து ஒற்றைக் கார்ட் வாங்கிவிட்டு ஏன் வேகம் தெரியவில்லை என்று கேட்கிறார்கள். மற்றது, அளவு. பிரௌசரில் இருபது டேப் திறந்து 8 ஜிபி நிரம்பிவிட்டால் விண்டோஸ் டிஸ்க்குக்கு ஓடும். பழைய ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு 100, 150 எம்பி தந்தால் பெரிய விஷயம். அந்த இடத்தில் நனோ செக்கன் கணக்கெல்லாம் காற்றில் போய்விடும். தம்பியின் மெஷினில் இன்னும் ஹார்ட் டிஸ்க்தான் இருந்தது! 2133 சோடிக்கு அவனிடம் கேட்ட விலையில் 1600 சோடி ஒன்றும் சின்ன எஸ்எஸ்டி ஒன்றும் அடங்கும். மெஷினின் மிச்ச ஆயுளையும் பாருங்கள்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இன் பட்டியலில் இந்தச் சிபியு இல்லை. டிடிஆர்3 அடுத்த போர்டுக்கும் போகாது, எஸ்எஸ்டி போகும்.

வாங்கப் போகும்போது கவனிக்க: "ஏஎம்டிக்கு மட்டும்" என்று சின்ன எழுத்தில் போட்ட 8 ஜிபி டிடிஆர்3 கார்ட்கள் மலிவாகச் சுற்றுகின்றன. இன்டெல் போர்டில் அவை எழும்பாது. நான் ஒரு தடவை கடையொன்றில் "எல்லாத்துக்கும் போகும்" என்ற வாக்கை நம்பி எடுத்து, திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த வாக்கைச் சொன்ன ஆள் அன்று லீவு. போர்ட் எச்61 வகை என்றால் 2500கே மாதிரி இரண்டாம் தலைமுறைச் சிபியுவோடு ரேம் 1333ஐத் தாண்டாது. வேகக் கார்டுக்குக் கொடுத்த காசு கடலில். சிபியு-இசட் என்ற மென்பொருளில் 2133 கார்ட் 1066 என்று காட்டினால் ஏமாந்துவிட்டோம் என்று பதற வேண்டாம், அது பாதியைத்தான் காட்டும். கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் பழைய கார்டைப் போடுமுன் அதன் பொன்னிறப் பல்லை அழிறப்பரால் ஒரு தடவை தேய்த்துவிடுங்கள். உப்புக்காற்று செய்கிற வேலை கொஞ்சமல்ல.

முக்கியமானது: கார்டைச் செருகியதும் போர்ட் பெரும்பாலும் 1333இல்தான் தொடங்கும். பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை (கார்டிலேயே பதிந்திருக்கும் வேக அமைப்பை) போட்டால்தான் வாங்கிய வேகம் வரும்.

தம்பி கடைசியில் 1600 சிஎல்9, 8 ஜிபி கார்ட் இரண்டும் ஓர் எஸ்எஸ்டியும் எடுத்தான். மூன்று நாள் கழித்துப் படியில் கண்டபோது, "ரேம் வேகம் நல்லாத் தெரியுது அண்ணா" என்றான். வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி மெஷினைத் திறந்து பார்த்தேன். எக்ஸ்எம்பி போடவே இல்லை, மூன்று நாளும் 1333இல் ஓடியிருக்கிறது.