லாங்ஜம்ப் எச்சரிக்கையோடு மூன்று வருடம்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் ஒரு வீடு. ஜோஜோ என்ற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி காலியான பிறகும் பம்ப் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் அந்த வீட்டு அம்மா போன் செய்தபோது, மோட்டார் கருகிய வாடை சமையலறை வரைக்கும் வருகிறது என்றார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்த ஊரின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமானதால், அப்போது அங்கே தொட்டியும் பம்பும் இல்லாமல் முடியாது என்ற நிலை. பம்புக்கான கன்ட்ரோலரைச் செய்வது நாங்கள் நாலு பேர். அதற்குள் ஓடும் நிரல், அதாவது ஃபர்ம்வேர், என் பொறுப்பு. அந்த நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் சொன்ன ஒரு எச்சரிக்கையின் கதை இது.

தொட்டியின் நீர்மட்ட சென்சார் மூன்று தடவை பதில் சொல்லாவிட்டால் பம்பை நிறுத்த வேண்டும். அப்படித்தான் எழுதியிருந்தேன். லோட்ஷெடிங் முடிந்து கரண்ட் வந்ததும் சில சென்சார்கள் எழுந்திருக்காது. அப்போது உள்ளே நாலைந்து ஃபங்ஷன்களுக்கு அடியில் இருக்கும் கோடு (நிரல் வரிகள்), சி மொழியின் லாங்ஜம்ப் என்ற அழைப்பைப் போட்டு, மேலே அதன் ஜோடியான செட்ஜம்ப் குறித்துவைத்த இடத்துக்கே நேராகத் தாவிவிடும். அங்கே முயற்சிகளின் எண்ணிக்கையைப் பார்த்து, மூன்று ஆகிவிட்டதா என்று முடிவெடுக்கும்.

என் மேஜையில் எல்லாம் சரியாக நடந்தது. சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த எங்கள் ஹார்டுவேர் அண்ணன்தான் போர்டில் ஒரு எல்இடியை மாட்டி, எத்தனையாவது முயற்சியோ அத்தனை தடவை மினுக்க வைக்கச் சொன்னார். நாங்கள் சோதிக்க வைத்திருக்கும், ஆப்டிமைசேஷன் இல்லாத டிபக் பில்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மினுக்கி பம்ப் நின்றது. வாடிக்கையாளருக்குப் போகும், வேகத்துக்காகக் கம்பைலர் ஆப்டிமைஸ் செய்த ஓ2 பில்டை ஏற்றினோம். ஒன்று. மறுபடி ஒன்று. மறுபடியும் ஒன்று. "தம்பி, இதுக்கு ரெண்டே தெரியாதா?" என்றார்.

காரணம் சி மொழியின் விதியிலேயே இருக்கிறது. செட்ஜம்பை அழைத்த ஃபங்ஷனின் உள்ளூர் மாறி ஒன்றை, அந்த அழைப்புக்கும் லாங்ஜம்புக்கும் நடுவில் மாற்றியிருந்து, அது வோலடைலாகவும் (படிக்கும்போதெல்லாம் மெமரியிலிருந்தே எடு என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிச்சொல்) இல்லையென்றால், திரும்பி வந்த பிறகு அதன் மதிப்பு என்ன என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. செட்ஜம்ப் ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சில ரெஜிஸ்டர்களைச் சேமித்து வைக்கிறது, லாங்ஜம்ப் அவற்றைப் பழையபடி நிரப்புகிறது. எண்ணிக்கை ரெஜிஸ்டரில் குடியிருந்தால் கூட்டியதெல்லாம் போய்ப் பழைய பூஜ்யம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆப்டிமைசேஷன் இல்லாத பில்டில் அது ஸ்டாக்கில், அதாவது மெமரியில், இருந்ததால் பிழைத்தது.

இத்தனைக்கும் எங்கள் கம்பைலரான ஜிசிசி முன்பே சொல்லியிருந்தது. கிளாபர்ட் என்ற அந்த எச்சரிக்கை, கூடுதல் எச்சரிக்கைகளைக் கேட்கும் டபிள்யூஎக்ஸ்ட்ராவோடு சேர்ந்தே வரும். "லாங்ஜம்ப் அல்லது விஃபோர்க்கால் இந்த மாறி சிதைந்துபோகலாம்" என்பதுதான் அதன் செய்தி. விஃபோர்க் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் புது ப்ராசஸ் கேட்கும் அழைப்பு. எங்கள் போர்டில் ஆபரேட்டிங் சிஸ்டமே இல்லை, அது எங்கிருந்து வரும்? சம்பந்தமில்லாத எச்சரிக்கை என்று நினைத்து, கம்பைலருக்கான கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில் அதை அணைத்தது நான்தான். அந்த வீட்டுக்குப் புது மோட்டார் வாங்கிக் கொடுத்தோம், எச்சரிக்கையைத் திரும்ப இயக்கினேன். அது 2022 கடைசியில்.

அதற்குப் பிறகும் தினமும் சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் வீண் எச்சரிக்கைதான். கம்பைலருக்கு செட்ஜம்ப் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், லாங்ஜம்ப் எப்போது எங்கிருந்து வரும் என்று அதற்குத் தெரிய வழியில்லை. அதனால் ஆபத்தில்லாத இடத்திலும் கத்தும். போதாததற்கு சின்ன ஸ்டாடிக் ஃபங்ஷன்களை செட்ஜம்ப் இருக்கும் ஃபங்ஷனுக்குள் இன்லைன் செய்துவிட்டு, அதாவது அப்படியே உள்ளே ஒட்டிவிட்டு, அவற்றின் மாறிகளையும் சேர்த்துச் சொல்லும்.

முதல் சில மாதம் கத்திய இடத்திலெல்லாம் வோலடைல் போட்டேன். அதிலும் ஒரு இடத்தில் தவறினேன். படங்களைத் திறக்க லிப்ஜேபெக் நூலகத்தைப் பயன்படுத்தும், லினக்ஸில் ஓடும் எங்கள் இன்னொரு பெட்டியில், செட்ஜம்புக்குப் பிறகு மெமரி வாங்கி, பிழை வந்தால் அதை விடுவிக்க அதன் முகவரியை வைத்திருக்கும் ஒரு பாயின்டர். வோலடைலை நட்சத்திரக் குறிக்கு முன்னால் எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் பாயின்டர் சுட்டும் தரவுதான் வோலடைல் ஆகும், பாயின்டர் ஆகாது. எச்சரிக்கையும் போகவில்லை. நட்சத்திரத்துக்குப் பின்னால், பெயரை ஒட்டி எழுத வேண்டும். வோலடைல் போட்டும் எச்சரிக்கை நிற்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

இப்போது எங்கள் வழக்கம் வேறு. செட்ஜம்ப் இருக்கும் ஃபங்ஷனில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. அது குறித்துவைக்கும், நோஇன்லைன் போட்ட இன்னொரு ஃபங்ஷனை அழைக்கும், பிழை வந்தால் எண்ணைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். முயற்சி எண்ணிக்கை அழைத்தவரிடமே இருக்கும். இப்படிப் பிரித்து எழுதியதும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் தானாக அடங்கிவிட்டன, வோலடைல்களில் முக்கால்வாசியைக் கழற்றிவிட்டேன். கோடும் படிக்க லேசாகிவிட்டது. நான் சிபாரிசு செய்வது இந்த வழியைத்தான்.

பாதுகாப்பாக சி எழுதுவதற்கான விதித்தொகுப்பான மிஸ்ரா சி 2012-இன் விதி 21.4 செட்ஜம்பையே தொடாதே என்கிறது. புதிதாக எழுதும் கோடில் நாங்களும் தொடுவதில்லை. பிழையைக் கையாள வழக்கமாக செட்ஜம்பையே நம்பும் லிப்ஜேபெக், லிப்பிஎன்ஜி மாதிரி நூலகங்கள் இருக்கும் இடத்தில் அது நடக்காது.

இன்னொன்று. ஓடும் வேலையின் நடுவே குறுக்கிடும் சிக்னலை (இன்டரப்ட்) கவனிக்கும் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளிருந்து லாங்ஜம்ப் போட்டால் இந்த எச்சரிக்கை வாயே திறக்காது. கார்டெக்ஸ்-எம் சிப்பில் அப்படித் தாவினால் ப்ராசசர் இன்னும் ஹேண்ட்லருக்குள்ளேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும், அதே முன்னுரிமையிலோ அதற்குக் கீழோ உள்ள இன்டரப்ட் எதுவும் வராது. அதைப் பிடிக்க, லாங்ஜம்ப் உள்ள ஒவ்வொரு வரியையும் இரண்டு பேர் உட்கார்ந்து படிக்கிறோம். எங்களுக்கு வேறு வழி அமையவில்லை.

போன மாதம் கம்பைலரை மாற்றியபோது பழைய ஃபைல்களில் புதிதாக இரண்டு எச்சரிக்கை வந்தது. ஒன்று வீண், ஏன் வீண் என்று அதே வரிக்கு மேல் கமென்ட் எழுதிவிட்டேன். இன்னொன்று சென்சார் டைம்அவுட் மாறி. அதைப் பிரித்து எழுதி, எல்இடி மாட்டிய அதே போர்டில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே அனுப்பினோம்.