கூடலூர் மலையில் மறுநடவு: அரபிகாவா, ரொபஸ்டாவா?

கூடலூர் பக்கம் எங்கள் இரண்டு ஏக்கர் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு காப்பியும் வரும் இடம். அப்பா வைத்த அரபிகா பாதிக்கு மேல் பட்டுப்போனதும், நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஏக்கரைப் பிடுங்கிவிட்டு ரொபஸ்டா நட்டேன். மற்ற ஏக்கரில் அரபிகா இன்னும் நிற்கிறது. இரண்டையும் தினம் பார்க்கிறேன். இந்த உயரத்தில் சிறு விவசாயிக்கு ரொபஸ்டாதான் என்பேன்.

சுவையில் அரபிகா மேல். விலையும் வழக்கமாக அதற்குத்தான் கூடுதல். 2024-ல் ரொபஸ்டா விலை உச்சத்துக்குப் போனதைப் பார்த்து நட்டவன் அல்ல நான். ஏறிய விலை இறங்கும்.

என்னை மாற்றியது வெள்ளைத் தண்டுத் துளைப்பான். இந்த வண்டு அரபிகாவின் பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு தண்டுக்குள் போய்விட்டால் மருந்து எட்டாது. இலை மஞ்சளாகி, தண்டில் வளையமாக மேடு தெரியும்போது செடி கைவிட்டுப் போயிருக்கும். ஏப்ரல்-மே ஒரு முறை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இன்னொரு முறை வண்டு பறக்கும். அதற்கு முன்னால் செடி செடியாகத் தண்டைப் பார்த்து, புழு விழுந்ததை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். தளர்ந்த பட்டையைத் தேய்த்துச் சுண்ணாம்பு பூச வேண்டும். நிழல் மரத்தைக் கூடுதலாகக் கழித்துவிட்டால், வெயில் விழும் தண்டைத்தான் வண்டு தேடி வரும். ஆறடிக்கு ஆறடி நடவில் ஏக்கருக்கு 1,200 செடி. வருடத்துக்கு இரண்டு சுற்று. ஆள் கிடைக்காத ஊரில் ஒரு சுற்று தவறினால் அடுத்த வருடம் தோட்டத்தில் பொக்கை விழுந்துவிடும். பக்கத்துத் தோட்டத்தில் எரிக்காமல் போட்டிருந்தாலும் நம் செடிக்குத்தான் வரும்.

ரொபஸ்டாவில் இந்தப் புழு தேறுவதில்லை. இலைத்துருவும் பெரிதாகப் பிடிக்காது. (1869-ல் இலங்கையில் தென்பட்ட அந்தத் துருநோய்தான் அங்கே காப்பியை அழித்துத் தேயிலைக்கு இடம்விட்டது.) பத்தடிக்குப் பத்தடி, ஏக்கருக்கு 435 செடி போதும். பழுத்த பழம் அரபிகா போலச் சட்டென்று உதிராது. பறிப்புக்கு ஆள் வரும்வரை நிற்கும்.

இதன் பலவீனம் தண்ணீர். பிப்ரவரி, மார்ச்சில் பூமழை, அதாவது மொட்டை மலர வைக்கும் மழை, விழ வேண்டும். அடுத்த சில வாரங்களில் பிஞ்சு நிற்க மறுமழையும் வேண்டும். பொய்த்தால் ஸ்பிரிங்ளர் இல்லாமல் காய் கிடையாது. எங்களிடம் குட்டை இருக்கிறது. இல்லாதவர்கள் நன்றாக யோசித்து இறங்குங்கள். தன் மகரந்தத்தில் காய் பிடிக்காத பயிர் என்பதால் தோட்டத்துத் தேன்கூட்டில் கை வைக்க விடுவதில்லை.

மட்டக் காப்பி என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் விளையும் காப்பியில் ஏறக்குறைய 70 சதவீதம் ரொபஸ்டாதான். நம் காப்பியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. அதில் அதிகம் வாங்கும் இத்தாலி, எஸ்பிரெசோ கலவைக்கு நம் ரொபஸ்டாவை விரும்பி எடுக்கிறது. அந்நியச் செலாவணியில் நம் போன்ற சிறு தோட்டங்களின் பங்கு சிறியதல்ல.

நான் பார்த்தது ஒரே ஒரு காய்ப்புதான், முழு மகசூல் இனிமேல்தான். இன்னும் உயரத்தில், 1,200 மீட்டருக்கு மேல் தோட்டம் வைத்திருந்தால் நானும் அரபிகாவை விட்டிருக்க மாட்டேன். ஆனால் என் மீதி ஏக்கரில் பிடுங்கிய குழிகளுக்கு, இந்த ஜூன் மழையில் ரொபஸ்டா நாற்றுதான்.