மேல்தட்டின் முன் இருக்கை: நுவரெலியாவில் ரூட்மாஸ்டர் சவாரி

இரட்டைத் தட்டு பஸ்ஸை ஐந்து வருடம் ஓட்டியவன் நான். ஆனால் ஓடுகிற வண்டியின் மேல்தட்டில், முன் இருக்கையில் உட்கார்ந்தது கடந்த ஏப்ரல் சீசனில்தான். வயது எண்பது. சாரதிக்கு மேல்தட்டு என்பது தலைக்கு மேல் கேட்கும் காலடிச் சத்தம், அவ்வளவுதான். நுவரெலியாவில் இந்தச் சவாரி ஓடுகிறது என்று மகள் சொன்னவுடன் பேத்தியையும் அழைத்துக்கொண்டு லிந்துலையிலிருந்து கிளம்பிவிட்டேன்.

விக்டோரியா பூங்காவுக்கு அருகில் ஏற்றுகிறார்கள். செங்கல் தபாலகத்தைக் கடந்து, பதுளை வீதியில் கிரகரி வாவிக் கரையோடு போய், சீத்தா எலியாவுக்கு முன்பே திரும்புகிறது. நாற்பது நிமிடப் பயணம். பெரியவர்களுக்கு 600 ரூபாய், பிள்ளைகளுக்கு அரைவாசி. கொடுத்த காசு வீண் இல்லை.

வண்டி ரூட்மாஸ்டர். 1980களின் பிற்பகுதியில் லண்டனிலிருந்து நம் நாட்டுக்கு வந்த வகை. நான் ஓட்டியது அதற்கு மூத்தது. 1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவான பிறகு, லண்டனில் ஓடிக் கழித்த ஆர்.டி. குடும்பத்து இரட்டைத் தட்டு பஸ்களை நம் நாடு நூற்றுக்கணக்கில் வாங்கியது. அவர்களும் இடப்பக்கமாக ஓட்டுகிறவர்கள், நாமும் அப்படியே. ஏறி இறங்கும் வாசல் பின்னால் இடப்பக்கத்தில் இருந்ததால் எதையும் மாற்றாமல் நம் வீதியில் இறக்கிவிட முடிந்தது.

எங்கள் அப்பாவுக்குப் பதிவுப் பிரஜாவுரிமை, அதாவது விண்ணப்பித்துப் பெறும் இலங்கைக் குடியுரிமை, கிடைத்திருந்தது. தேயிலைத் தோட்டத்தில் பெரும்பாலோருக்குக் கிடைக்காத அந்தக் காகிதம் இருந்ததால்தான் எனக்குச் சபையில் வேலை கிடைத்தது. 1968இல் கொழும்புக்கு இறங்கினேன். கையில் கொடுத்தது அந்தக் குடும்பத்தில் லேலண்ட் எஞ்சின் பூட்டிய ஆர்.டி.எல். ஏழரை டன் இரும்பு. லயத்தில் பிறந்த பிள்ளை காலி வீதியில் மாடி பஸ் ஓட்டுகிறான் என்று அம்மா கொழுந்து மடுவத்தில் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தார்.

அந்த வண்டியின் கியரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. அதில் கிளட்ச் கிடையாது. எஞ்சினின் விசையை எண்ணெய் நிறைந்த ஒரு சக்கரம் கியர்ப் பெட்டிக்குக் கடத்தும். ஸ்டீயரிங் தண்டின் பக்கத்தில் ஒரு சிறு கைப்பிடி இருக்கும். அடுத்து எந்த கியர் வேண்டுமோ, அதை அந்தக் கைப்பிடியில் முன்பே வைத்துவிட வேண்டும். வைத்த உடனே ஒன்றும் நடக்காது. இடது காலடியிலுள்ள பெடலை அழுத்தி விடும்போதுதான் கியர் மாறும். வெள்ளவத்தையில் ஒரு தரிப்பிடத்தை நெருங்கும்போதே, அங்கிருந்து புறப்படுவதற்கான கியரைக் கை வைத்துவிட்டிருக்கும். முதல் மாதம் இது பிடிபடாமல் தவித்தேன். பிடிபட்ட பிறகு சாதாரண லொறியை ஓட்டினால் கை வெறுமையாக இருப்பது போலிருக்கும். ரூட்மாஸ்டரில் கியர் தானாகவே மாறுகிறது, ஸ்டீயரிங்கும் இலகு. சாரதிக்கு அது பெரிய நிம்மதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு என் ஆர்.டி.எல். தான்.

நுவரெலியாச் சாரதிக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல கை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் திருப்பினார். கரையோர மரங்களின் தாழ்ந்த கிளைகளுக்குப் பக்கத்தில் வரும்போது எதிரே வண்டி இல்லையென்று பார்த்து, நடு வீதிக்கு மெல்ல விலகினார். 14 அடிக்கு மேல் உயரமான வண்டியில் முதலில் அடி வாங்குவது மேல்தட்டின் இடது முன் மூலைதான். லண்டனில் வழித்தடத்து மரங்களை வெட்டுவதற்கென்றே பழைய பஸ்களைத் திருத்தி வைத்திருந்தார்கள். இங்கே அந்த வேலையையும் சாரதியின் கண்தான் பார்க்கிறது.

ஒரு வளைவில் பின் இருக்கையில் இருந்த ஓர் அம்மா, வண்டி கவிழ்ந்துவிடுமோ என்று பயந்து மூக்குத்தி வரை முந்தானையை இழுத்துக்கொண்டார். மலைவாசிகளுக்கு இந்தப் பயம் இயல்பு. நானும் இந்த வண்டி எங்கள் மலைக்கு ஏறிப் பார்த்ததில்லை. அவரிடம் நான் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். மேல்தட்டு நிறைய ஆட்கள் இருப்பதுபோல் மணல் மூட்டைகளை ஏற்றி, வண்டியை 28 பாகை சாய்த்து, கவிழாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே லண்டன் வீதிக்கு விட்டார்கள். எஞ்சினும் அச்சுகளும் அடியில் கனமாக இருக்கின்றன. மேலே அலுமினியத் தகடு. பயப்பட வேண்டியது சாய்வுக்கு அல்ல, வேகத்துக்குத்தான். இந்தச் சாரதி வேகம் போகவில்லை.

மேலே உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு என்ன நடந்தது என்று சொல்வது கடினம். இடப்பக்கத்தில் எஞ்சின் மூடி இல்லை. வீதி நேராக என் காலுக்கு அடியில் வந்து மறைகிறது. வேலிக்கு அப்பால் லீக்ஸ் பாத்திகளும், குதிரைப் பந்தயத் திடலும், தண்ணீர் மேல் இறங்கி நிற்கும் பனிமூட்டமும் ஒரே பார்வையில் தெரிகின்றன. என் பஸ்ஸில் வந்த பிள்ளைகள் ஏன் ஏறியதும் ஏறாததுமாக மாடிப்படியில் தடதடவென்று ஓடினார்கள் என்பது அன்றுதான் புரிந்தது. அந்தத் தடதடப்புக்காக நடத்துனர் எத்தனை பிள்ளைகளை அதட்டியிருக்கிறார். நான் ஒருநாளும் அவர்களுக்காகப் பரிந்து பேசியதில்லை. பேத்தி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

இரண்டு குறைகள். ஒலிபெருக்கியில் புறப்பட்டதிலிருந்து திரும்பும் வரை பாட்டு. எஞ்சின் சத்தம் கேட்கவே விடவில்லை. ஏற்றத்தில் கியர் இறங்கும்போது அந்த எஞ்சின் எழுப்பும் கனத்த முனகலைக் கேட்கத்தான் என்னைப் போன்றவர்கள் வருகிறோம். பாதிப் பயணத்துக்காவது பாட்டை நிறுத்துங்கள்.

மற்றது மணி. கீழ்த்தட்டுக் கூரையோடு மணிக்கயிறு அழகாக ஓடுகிறது. இழுத்தால் சத்தமில்லை. பழைய பஸ்ஸில் சாரதி தனிக் கூண்டில் இருப்பார். அவருக்கும் நடத்துனருக்கும் இடையில் பேச்சு முடியாது. ஒரு மணி என்றால் நிறுத்து, இரண்டு என்றால் புறப்படு, மூன்று என்றால் வண்டி நிறைந்துவிட்டது, இனி நிறுத்தாதே. ஐந்து வருடம் என் நடத்துனரோடு நான் வேலை நேரத்தில் பேசியதெல்லாம் இந்த மூன்று சொற்கள்தான். மணி இல்லாத ரூட்மாஸ்டரை ஊமையாக்கி வைத்திருக்கிறார்கள்.

திரும்பும் இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்துகிறார்கள். பிளேன்டீயும் சுடச்சுட மரக்கறி ரொட்டியும் கிடைக்கின்றன. கட்டச்சம்பல் உறைப்பு. அங்கே நடத்துனரிடம் மணியைப் பற்றிக் கேட்டேன். நானுஓயாப் பையன்.

“ஐயா, வந்த நாளிலிருந்தே அது அடிப்பதில்லை. சாரதிக்குக் கையைக் காட்டித்தான் சொல்கிறேன்” என்றார்.

“தம்பி, ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி வைத்திருக்கிறீர்களா? சாரதிக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியில் இரண்டு தரம் தட்டிப் பாருங்கள்.”

எல்லோரும் ஏறிய பிறகு அவர் முன்னால் போய்த் தட்டினார். டக், டக். கூண்டுக்குள் சாரதியின் தலை ஒரு கணம் நிமிர்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி புறப்பட்டது. இறங்கும் வரை பையன் அப்படியே தட்டிக்கொண்டு வந்தார்.

போகிறவர்கள் மாலை நான்கு மணிக்குப் பிந்தாமல் ஏறுங்கள். அதற்குப் பிறகு மூட்டம் வாவியை மூடிவிடுகிறது. மேல்தட்டின் முன் ஜன்னலை மூடவே முடியாது, கம்பளிச் சட்டை அவசியம். வலது முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். சாரதி உங்களுக்கு நேர் கீழே இருப்பார்.