பாசி பிடிக்கும் குளத்துத் தண்ணீருக்கு மெதுமணல் வடியா, படிகாரமா?

யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் பாசி பெரிய தொல்லை இல்லை. அங்கே சுண்ணாம்பும் நைத்திரேற்றும்தான் தொல்லை. குளத்து நீரைக் குடிக்க எடுக்கும் ஊர்களுக்குத்தான் இந்தக் கேள்வி. நூறு குடும்பங்கள் அளவுக்கு என்றால் என் தெரிவு மெதுமணல் வடி, அதாவது நீரை மணற்படுக்கையூடாக மெதுவாக இறங்கவிடும் வடி.

படிகாரம் போட்டு அழுக்கைத் திரளவைத்து, நீரை வேகமாகக் கடத்தும் விரைவு வடியில் விட்டால் இடம் மிச்சம், சில மணித்தியாலத்தில் தெளிந்த நீர். முதல் மழையோடு செம்பழுப்பாக வரும் நீருக்கு அதுதான் கைகொடுக்கும். அந்த நிறத்தில் மெதுமணல் கால்வாசி எடுத்தாலே பெரிது. ஆனால் பாசி மண்டினால் படிகாரம் ஆளைப் பாடாய்ப்படுத்தும். வெயிலில் பாசி காபனீரொட்சைட்டை உறிஞ்ச, பின்னேரம் பி.எச். (நீரின் அமில, கார அளவு) 9ஐத் தாண்டலாம். கரிமப் பொருளைப் படிகாரம் நன்றாகப் பிடிப்பது 6, 7 அளவில். 9இல் அலுமினியம் கரைந்தபடியே வடியைக் கடந்துவிடும். காலை நீரைச் சோதித்து லீற்றருக்கு 30 மில்லிகிராம் என்று வைத்த அளவு பின்னேரம் பிழைக்கும். தினமும் இரண்டு தரம் சோதிக்க ஒருவர் வேண்டும். சின்ன ஊரில் அந்த ஆள் நிலைப்பதில்லை.

மெதுமணலுக்கு அவ்வளவு ஆள்வேலை இல்லை. நாளைக்கு 10,000 லீற்றர் தேவையென்றால், மணிக்கு 0.1 மீற்றர் வேகத்தில் 4.2 சதுர மீற்றர் படுக்கை போதும். அப்படி இரண்டு கட்டவேண்டும்; ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றது ஓடும். மணல் 0.15 முதல் 0.35 மில்லிமீற்றர், ஆழம் ஒரு மீற்றர். கடற்கரை மணலில் சிப்பித்தூள் இருக்கும்: வினாகிரி விட்டு நுரைத்தால் வேண்டாம். படுக்கைக்கு முன்னால் சரளைக்கல் வடி ஒன்று கட்டாயம்; இல்லாவிட்டால் பாசி மேல்மணலைச் சில நாளிலேயே அடைத்துவிடும். மேலே நிழல் வேண்டும், கிடுகானாலும் சரி.

முக்கியம், ஓட்டம் நிற்கக்கூடாது. மணலின் மேற்பரப்பில் வளரும் உயிர்ப்படலம்தான் வேலை செய்வது. நீர் நின்றால் ஒட்சிசன் தீர்ந்து அது செத்து நாறும். மின்வெட்டைத் தாங்க மேல்தாங்கியில் ஓரிரவுக்கான நீர் இருக்கவேண்டும். ஓட்டம் குறைந்தால் நீரை மணலுக்கு 10 சென்ரிமீற்றர் கீழே இறக்கி, பலகை போட்டு நின்று, தட்டை மண்வெட்டியால் 1, 2 சென்ரிமீற்றர் மட்டும் சுரண்டுங்கள். பிறகு வடித்த நீரைக் கீழிருந்து மெதுவாக ஏற்றினால் காற்றுக்குமிழ் தங்காது. படலம் மீளும்வரை, இரண்டு மூன்று நாளாவது, வரும் நீரைக் கழிவுக்கு விடவேண்டும். மணல் 50 சென்ரிமீற்றருக்கு இறங்கினால் புதிது போடவேண்டும்.

எந்த முறையானாலும் குளோரின் கடைசியில்தான். முதலில் போட்டால் பாசிச்செல் உடைந்து நச்சு நீரில் கலக்கும். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மிதக்கும் பாசி வடகிழக்குக் கரையில் ஒதுங்கும். உறிஞ்சுகுழாயை அங்கே வைக்காமல், மேற்பரப்பிலிருந்து அரை மீற்றராவது கீழே இறக்குங்கள். பச்சைப் பெயின்ற் ஊற்றியதுபோல் நீலப்பச்சைப் பாசி படர்ந்தால் மெதுமணலையும் நான் முழுதாக நம்பமாட்டேன்; கொதிக்கவைத்தாலும் அந்த நச்சு போகாது. அந்த நேரத்தில் பவுசர் (தாங்கி லொறி) நீர்தான்.