அப்பாவின் பாயா, பயிற்சியாளரின் பட்டமா?

2023-ல் மணிக்கு 255.5 கிலோமீட்டர் வேகத்தில் பனிமலைச் சரிவில் சறுக்கி இறங்கிச் சாதனை படைத்த பிரான்சின் சிமோன் பில்லி, முன்னாள் சாதனையாளர் பிலிப் பில்லியின் மகன். படித்ததும் எனக்கு ராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டிதான் நினைவுக்கு வந்தது. பாய்மரப் படகுப் போட்டிக்கு வரும் பையன்களும் அப்படித்தான். கச்சான் (மேலைக்காற்று) எப்போது திரும்பும், பாயை எவ்வளவு இளக்குவது, படகு சாய்ந்தால் எந்தப் பக்கம் எடை போடுவது என்பதெல்லாம் அப்பா, சித்தப்பாவோடு கடலுக்குப் போய்ப் பழகியது.

ராமேஸ்வரம் பக்கத்து கைட் சர்ஃபிங், அதாவது பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்குவது, வேறு. கடலையே அறியாதவரும் பயிற்சியாளரிடம் சில நாளில் அடிப்படையைப் பிடித்துக்கொள்ளலாம். செலவு மட்டும் கூடுதல்.

சரி, எது மேல்? வேகம் போதுமென்றால் பட்டம். காற்றைப் படிக்க வேண்டுமென்றால் படகையே சொல்வேன். படகுக்காரக் குடும்பத்தில் பிறக்காதவர்கள், ஆனி ஆடிக் காற்றில் கைட் சர்ஃபிங் வகுப்புக்குப் போங்கள்.