பெரியமேட்டு ஜெர்சிக் கடை: வதந்திக்குப் பெயர் அடித்துத் தர மாட்டார்கள்

கால்பந்து ஜெர்சியில் பெயரும் எண்ணும் அடித்துத் தரும் கடைகள் சென்னையில் நிறைய வந்துவிட்டன. நான் வழக்கமாகப் போவது பெரியமேட்டில் இருக்கிறது. நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் சாலை பலருக்கும் தெரிந்திருக்கும். பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குக் கோப்பையும் மெடலும் வாங்க எல்லோரும் அங்கேதான் போவார்கள். அந்தச் சாலையிலிருந்து ஒரு சந்தில் திரும்பி, குறுகலான மாடிப்படி ஏறினால் ஒரே ஓர் அறை. பெயர்ப் பலகை கிடையாது. கதவில் 'ஜெர்சி பிரிண்டிங்' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். கடைக்காரரை வாடிக்கையாளர்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறோம்.

அச்சு நன்றாக இருக்கிறது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஆனால் நான் இந்தக் கடையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் பாய் கால்பந்து பார்க்கிறவர் என்பதுதான். எந்தப் பெயரை இப்போதே அடிக்கலாம், எதற்குப் பொறுக்க வேண்டும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். காசை நீட்டிக்கொண்டு நிற்கிறவரை 'அப்புறம் வாங்க' என்று திருப்பி அனுப்பும் கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

2024 கோடையில் இது நன்றாகத் தெரிந்தது. ஜெர்மனியில் ஐரோப்பிய நாடுகளின் யூரோ கோப்பை, அமெரிக்காவில் தென் அமெரிக்காவின் கோபா அமெரிக்கா, இரண்டுக்கும் இறுதிப்போட்டி ஒரே நாள், ஜூலை 14. நமக்கு அது விடிந்தால் திங்கட்கிழமை. ராத்திரி பன்னிரண்டரைக்கு ஸ்பெயினும் இங்கிலாந்தும். அது முடிந்து கொஞ்சம் கண் அயர்ந்து, ஐந்தரைக்கு அர்ஜென்டினா–கொலம்பியா பார்க்க உட்கார்ந்தால், மயாமி மைதான வாசலில் டிக்கெட் இல்லாத கூட்டம் முண்டியடித்ததில் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப்போனது. காயத்தோடு வெளியே போன மெஸ்ஸி பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அர்ஜென்டினாவின் லாவுத்தாரோ மார்ட்டினெஸ் கூடுதல் நேரத்தில், 112-வது நிமிடத்தில் கோல் போட்டபோது இங்கே பாதிப் பேர் ஆபீஸில் இருந்திருக்க வேண்டும். அன்று மத்தியானமே பாய் கடைப் படிக்கட்டில் பையன்கள் வரிசை. 'லாவுத்தாரோ 22', 'ஒயர்சபால் 21', 'யமால் 19' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பாய் யாரையும் எதுவும் கேட்காமல் மளமளவென்று அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தேசிய அணி ஜெர்சி என்றால் அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆட்டக்காரர் எந்தக் கிளப்புக்குப் போனாலும் நாடு மாறாது. அந்த யூரோவில் அவர் போட்டிருந்த எண் அந்த யூரோவின் எண்ணாகவே இருக்கும். கிளப் ஜெர்சியை எடுத்து வைத்தால்தான் பாய் நிமிர்ந்து மாதக் காலண்டரைப் பார்ப்பார். அதில் ஆகஸ்ட் 30-ஐச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். ஸ்பெயின், இங்கிலாந்து, இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ் ஐந்து நாட்டு லீகுகளுக்கும் அந்த வருஷம் டிரான்ஸ்பர் விண்டோ, அதாவது ஆட்டக்காரர்கள் கிளப் மாறுவதற்கான காலம், முடியும் நாள் அது.

என் அக்காவின் சின்னப் பையன் பார்சிலோனா ரசிகன், சுருக்கமாகப் பார்சா. யூரோ முடிந்த வாரமே என்னை இழுத்துக்கொண்டு அங்கே வந்துவிட்டான். ஸ்பெயின் ஆட்டக்காரர் நிகோ வில்லியம்ஸ் பெயரைப் பார்சா ஜெர்சியில் அடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. இறுதிப்போட்டியில் இரண்டாம் பாதி தொடங்கிய கையோடு பார்சாவின் யமால் வலது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து இடது பக்கம் தள்ளிவிட்ட பந்தை, நிகோ ஒரே அடியில் மூலையில் சேர்த்ததைப் பார்த்த யாருக்கும் இந்த இரண்டு பேரும் ஒரே கிளப்பில் ஆடினால் எப்படி இருக்கும் என்றுதான் தோன்றும்.

"பார்சா வாங்கிட்டாங்களா தம்பி?" என்றார் பாய்.

"வாங்கிடுவாங்க பாய். எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்றது இருக்கட்டும். கிளப் சொல்லுச்சா?"

பையன் போனை எடுத்து நாலைந்து செய்திகளைக் காட்டினான். பாய் பொறுமையாகப் பார்த்தார். அப்புறம் ஜெர்சியை மடித்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, "பேர் அடிச்சா உரிக்க முடியாது, உரிச்சாலும் தடம் போகாது. ஆகஸ்ட் கடைசியில வா" என்றார். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அங்கேயே ஸ்பெயின் ஜெர்சி ஒன்றை எடுத்து 'நிகோ 17' அடித்துக் கொடுத்துச் சமாதானப்படுத்தினோம்.

பார்சா கடைசிவரை நிகோவை வாங்கவில்லை. அவருடைய ஒப்பந்தத்தில் ஏறக்குறைய 58 மில்லியன் யூரோ கொடுத்தால் எந்தக் கிளப்பும் அழைத்துப் போகலாம் என்று இருந்தது. பணத்தைப் புரட்டினால் மட்டும் போதாது, ஸ்பெயினின் லா லிகா லீக் ஒவ்வொரு கிளப்புக்கும் வைத்திருக்கும் சம்பள வரம்புக்குள் புது ஆட்டக்காரரைப் பதிவும் செய்தாக வேண்டும். பார்சாவுக்கு அதுதான் பெரும்பாடு. நிகோ தான் ஆடிக்கொண்டிருந்த பில்பாவோ நகரத்து அத்லெடிக் கிளப்பிலேயே இருந்துவிட்டார். ஆகஸ்ட்டில் அத்லெடிக் கிளப் அவருக்குப் பழைய 11-ஐ மாற்றி 10-ம் எண்ணைக் கொடுத்தது.

இங்கே என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் அத்லெடிக் பில்பாவோ ரசிகன். 2012-ல் பியெல்சா பயிற்சியாளராக இருந்த அத்லெடிக் அணி ஓல்ட் டிராஃபோர்டுக்கே போய் மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என்று ஜெயித்த ராத்திரியில் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. பில்பாவோ இருக்கும் பாஸ்க் நாட்டில் பிறந்தவர்களையோ அங்கே கால்பந்து பழகியவர்களையோ தவிர வேறு யாரையும் அந்தக் கிளப் சேர்ப்பதில்லை. கானாவிலிருந்து சகாராவைத் தாண்டி வந்த தம்பதிக்குப் பிறந்த இன்யாகியும் நிகோவும் அந்த அணியின் இரண்டு ஓரங்களிலும் ஓடுகிறார்கள். அண்ணன் கானாவுக்கு ஆடுகிறார், தம்பி ஸ்பெயினுக்கு. 2024 ஏப்ரலில் அத்லெடிக் ஸ்பெயினின் கோப்பா டெல் ரே கோப்பையை ஜெயித்தபோது நாற்பது வருஷக் காத்திருப்பு முடிந்தது. ஆற்றில் படகு விட்டு ஊரே கொண்டாடியது. அதே வருஷக் கோடையில் நிகோ கிளம்பிப் போயிருந்தால் எனக்கு ரொம்பவே வலித்திருக்கும். ஒரு மாதப் போட்டியில் பளிச்சென்று ஆடியதற்காக ஒருவரை ஊரை விட்டுக் கிளப்பியே ஆக வேண்டும் என்று எல்லோரும் கத்துவது எனக்குப் பிடிப்பதில்லை.

அந்த ஒரு மாதத்தைப் பார்த்து விலை வைப்பதிலும் எனக்குச் சம்மதமில்லை. 2014 உலகக் கோப்பையில் ஆறு கோல் போட்ட கொலம்பியாவின் ஹாமெஸ் ரோட்ரிகெஸை ரியல் மாட்ரிட் கொட்டிக் கொடுத்து வாங்கியது. அங்கே அவரால் நிலைத்து நிற்க முடியவில்லை. பத்து வருஷம் கழித்துக் கோபா அமெரிக்காவின் சிறந்த ஆட்டக்காரரும் அவரேதான். அப்போது பிரேசிலின் சாவோ பாலோ கிளப்பில் அவருக்கு ஆடவே சரியாக வாய்ப்பில்லை. அங்கிருந்து விலகி ஸ்பெயினின் ராயோ வயெகானோவுக்குப் போனார். கொலம்பியா மொத்த அணியையும் அவரைச் சுற்றிக் கட்டுகிறது, எந்தக் கிளப்பும் அப்படிக் கட்டுவதில்லை. அதனால் ஹாமெஸ் பெயரைக் கொலம்பியாவின் மஞ்சள் ஜெர்சியில்தான் அடிக்க வேண்டும் என்பது என் கட்சி, பாயும் அதே கட்சி.

பெயர் சரியாக இருந்தும் எண் தப்பிப்போவது இன்னொரு வகை. எம்பாப்பே ரியல் மாட்ரிட்டுக்கு வருவது 2024 ஜூன் 3-ம் தேதியே உறுதியாகிவிட்டது. பிரான்ஸுக்கு 10 போடுகிறவர் என்பதால் மாட்ரிட் ஜெர்சியிலும் 10 அடிக்கச் சொல்லிப் பலர் வந்திருக்கிறார்கள். "மோட்ரிச் இருக்கார்ல, அந்த நம்பர் அவருது" என்று சொல்லிப் பாய் நிறுத்தி வைத்திருக்கிறார். அந்த சீசனில் எம்பாப்பேவுக்குக் கிடைத்தது 9.

ஸ்பெயினின் டானி ஓல்மோ பெயருக்கும் பொறுக்க வேண்டியிருந்தது. அந்த யூரோவில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர். ஜெர்மனிக்கு எதிரான காலிறுதியில் எட்டாவது நிமிடத்திலேயே காயம்பட்ட பெத்ரிக்குப் பதிலாக இறங்கினார். ஒரு கோல் போட்டார். 119-வது நிமிடத்தில் மெரினோ தலையால் முட்டிக் கோலாக்கிய பந்தும் ஓல்மோ தூக்கிக் கொடுத்ததுதான். இறுதிப்போட்டி முடியும் தறுவாயில் கோல் கோட்டில் நின்று தலையால் பந்தை வெளியே தள்ளியதும் அவரே. ஆகஸ்ட்டில் ஜெர்மனியின் லைப்ஸிக் கிளப்பிலிருந்து பார்சாவுக்கு வந்தார், பதினாறு வயதில் விட்டுவிட்டுப் போன அதே கிளப்புக்கு. வந்தும் பதிவு முடியாமல் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். ஆகஸ்ட் 27 அன்று ராயோவுக்கு எதிராக இறங்கி வெற்றி கோலைப் போட்டார். அந்த வாரக் கடைசியில்தான் அக்கா பையனின் பார்சா ஜெர்சியில் 'ஓல்மோ 20' ஏறியது.

அச்சுக்கு வருகிறேன். இங்கே எழுத்தை வினைல் தாளில் வெட்டி, சூடாக அழுத்தும் ஹீட் பிரஸ்ஸில் ஒட்டும் முறை. எழுத்தின் கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து அளவு சரிபார்த்துப் பிளாட்டர் என்ற வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்புகிறார். வெட்டி வந்த தாளிலிருந்து தேவையில்லாத துண்டுகளைப் பாயின் மகள் ஊசி மாதிரி ஒரு கொக்கியால் உரித்தெடுக்கிறார். ஆங்கில 'ஓ' எழுத்தின் நடு வட்டம், 'ஆர்' எழுத்தின் சின்னப் பொந்து எல்லாம் அந்தப் பெண்ணின் கையில் சுத்தமாக வந்துவிடுகின்றன. அப்புறம் ஜெர்சியைப் பிரஸ்ஸில் விரித்து, முதலில் வெறும் துணியை ஒரு சில நொடி அழுத்தி ஈரத்தைப் போக்கிவிட்டு, காலர் தையலிலிருந்து அளவெடுத்துப் பெயரை வைக்கிறார். கண்மதிப்பில் வைப்பதே இல்லை.

சிவப்பு ஜெர்சி வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். சிவப்புப் பாலியெஸ்டர் சூடு பட்டால் சாயத்தை விடும். அது மேலே ஒட்டிய எழுத்துக்கு ஏறி, வெள்ளை எழுத்து ரோஸாகிவிடும், மஞ்சள் எழுத்து ஆரஞ்சாகிவிடும். வேறொரு கடையில் என் நண்பனின் லிவர்பூல் ஜெர்சிக்கு இதுதான் நடந்தது. பாய் சிவப்புத் துணிக்கென்று சாயத்தைத் தடுக்கும் வினைல் தனியாக வைத்திருக்கிறார், சூட்டையும் குறைத்துக்கொள்கிறார். ஸ்பெயின் ஜெர்சி பல துவைப்புக்குப் பிறகும் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது.

எழுத்துருவிலும் ஆள் கறார். இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் எல்லாக் கிளப்புக்கும் ஒரே எழுத்துரு, தேசிய அணிகளுக்கு வேறு வேறு. ஜெர்மனி ஜெர்சியில் இரண்டு 4 பக்கத்தில் நின்றால் நாஜிகளின் எஸ்எஸ் முத்திரை மாதிரித் தெரிகிறது என்று 2024 ஏப்ரலில் சர்ச்சை கிளம்பி, 4-ஐ மாற்றி வரைந்தார்கள் அல்லவா? இவரிடம் மாற்றிய 4 இருந்தது. பழையதையும் திறந்து பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

குறைகளும் உண்டு. உடை மாற்றிப் பார்க்க இடம் கிடையாது, அளவை உத்தேசமாகத்தான் எடுக்க வேண்டும். பெரிய சைஸ் ஜெர்சிகள் சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன. கையில் ஒட்டும் சின்னப் பேட்ஜ்கள் முதுகு எழுத்து அளவுக்கு நிற்பதில்லை. என் அக்காவின் பெரிய பையனுக்கு யூரோ பேட்ஜின் ஓரம் கிளம்பிவிட்டது. கொண்டுபோனதும் காசு வாங்காமல் திரும்ப அழுத்திக் கொடுத்தார், ஆனால் அதற்காக இன்னொரு தடவை பெரியமேடு போக வேண்டியிருந்தது. போட்டி நடக்கும் மாதங்களில் கூட்டம் அதிகம். அந்தச் சின்ன அறையில் மின்விசிறி ஒன்றுதான், பிரஸ் சூடு வேறு. குழந்தைகளைக் கூட்டிப்போனால் கீழே நிற்க வைப்பதே நல்லது.

பெயரும் எண்ணும் சேர்த்து 300 ரூபாய். சொந்த ஜெர்சி கொண்டுபோனாலும் அதே விலை, அங்கே வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிவப்புக்கு 50 ரூபாய் கூட. வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் துவைக்காமல் வைத்து, பிறகு உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் கையால் துவைக்கச் சொல்வார். எழுத்தின் மேல் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது.

நண்பர் ஒருவர் பில்பாவோவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த அத்லெடிக் ஜெர்சி ஒன்று கோடை முழுக்க என் அலமாரியில் பெயரில்லாமல் இருந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் எடுத்துக்கொண்டு போனேன். "இப்ப அடிக்கலாமா பாய்?" என்று கேட்டதற்கு, காலண்டரைப் பார்க்காமலே "10தானே?" என்றார். அக்காவின் பெரிய பையன் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப் ரசிகன், அங்கே புதிதாக வந்த மெரினோவின் பெயரைக் கேட்டிருந்தான். வந்த வேகத்தில் பயிற்சியில் தோளில் அடிபட்டுக்கொண்டாலும் 23-ம் எண் உறுதியாகிவிட்டதால் அதற்கும் பாய் சரி சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போய்விடுவார், மூன்று மணிக்கு மேல் போங்கள்.