பேசி முடித்ததும் எழும் அந்தக் கைதட்டல்: மேடைப் பயத்துக்கான விஆர் சிகிச்சையில் 14 மாதங்கள்

பழுதுபார்க்கக் கொடுத்திருந்த விஆர் ஹெட்செட், அதாவது கண்களை மூடி மாட்டிக்கொண்டால் மெய்நிகர் காட்சிகளுக்குள் நிற்கவைக்கும் கருவி, மூன்று வாரங்களுக்குப் பிறகு சென்ற வாரம் கைக்கு வந்தது. சார்ஜ் ஏற்றும் முனை தளர்ந்து போயிருந்தது. அதை மாற்றித் தந்திருக்கிறார்கள், வேலை சுத்தமாகவே இருக்கிறது. அது வந்து சேர்ந்த அதே நாளில், நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசவே அஞ்சும் நண்பர் ஒருவர், தாமும் இப்படி ஒன்றை வாங்கலாமா என்று கேட்டார். ஆம் என்றும் சொல்ல வாய் வரவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை முழுமையாக எழுதிவிடுவதே சரி என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

திரையின் தெளிவு, பேட்டரி நிற்கும் நேரம் போன்றவை அனைவரும் அறிந்தவை. மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் இடைவெளி வளையத்தைக் கட்டாயம் பொருத்திக்கொள்ள வேண்டும், அரைக் கிலோ எடை நெற்றியில் அழுத்தும், முதல் சில நாள்களில் தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்பவற்றோடு கருவியைப் பற்றிய பேச்சை முடித்துக்கொள்கிறேன்.

இதைக் கொண்டு நான் செய்துவரும் எதிர்கொள்ளல் சிகிச்சையின் அடிப்படை எளிமையானது. அஞ்சுகிற சூழலிலிருந்து விலக விலக அச்சம் வேர்பிடிக்கிறது. படிப்படியாக அதற்குள் நின்று பழகும்போது, நாம் நடக்கும் என்று நினைத்த கேடு நடக்கவில்லை என்பதை மனம் கற்றுக்கொள்கிறது. உயரத்தைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு இதை மெய்நிகர் காட்சிகளின் வழியாகச் செய்துபார்த்த ஆய்வு 1995-இலும், மேடைப் பயத்துக்கான ஆய்வு 1998-இலும் வெளிவந்தன. மேடைப் பயத்துக்கு இந்த வழி பொருந்துவதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. ஒரே ஒருவர் பேசிப் பழகுவதற்காக வாரந்தோறும் நாற்பது பேரைத் திரட்டி உட்காரவைக்க எந்த உளவியலாளராலும் முடியாது. ஹெட்செட்டுக்குள் அந்த நாற்பது பேரும் எப்போதும் தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் நிலை இதுதான்: நானே இரவு பகலாக உழைத்துத் தயாரித்த அறிக்கையை, கூட்டத்தில் வாசிக்கும்படி உடன் பணிபுரிபவரிடம் கொடுத்துவிட்டுக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்பேன். ஐந்து ஆண்டுகள் அப்படியே கழிந்தன. பேச எழுந்தால் வாய் உலரும், கையிலிருக்கும் தாள் நடுங்கும், அந்தத் தாளின் சலசலப்பு என் காதுக்கே கேட்கும். உளவியலாளர் ஒருவரிடம் சென்று, அவருடைய அறையில் ஒன்பது அமர்வுகளும், அதன் பிறகு அவர் வகுத்துக் கொடுத்த வரிசைப்படி வீட்டில் ஏறத்தாழ எழுபது அமர்வுகளும் செய்திருக்கிறேன். ஒவ்வோர் அமர்விலும் பதற்றத்தை 0 முதல் 100 வரை எண்ணால் குறிக்க வேண்டும்; மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப்பே வகுத்த அந்த அளவுகோல் இன்றும் இந்தச் சிகிச்சையில் பழக்கத்தில் இருக்கிறது. முதல் நாள் நான் சொன்ன எண் 85.

தொடக்க வாரங்களில் எனக்கு இருந்த குறை லென்ஸில் ஆவி படிவது. பதற்றத்தில் முகம் வியர்க்கும், அந்த ஈரம் குளிர்ந்த லென்ஸில் படிந்து அரங்கமே மங்கிவிடும், உடனே ஹெட்செட்டைத் தூக்கித் துணியால் துடைப்பேன். கருவியின் மீது பெரிய புகாராக இதைச் சொன்னபோது உளவியலாளர் மறுக்கவில்லை. ஒரு அமர்வில் எத்தனை முறை கழற்றுகிறேன், அப்போது என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்று மட்டும் குறித்துவரச் சொன்னார். குறித்தேன். காலி அரங்கில் பேசிய அன்று ஒரு முறையும் கழற்றவில்லை. நிறைந்த அரங்கில் ஆறு முறை கழற்றியிருந்தேன், அதுவும் பெரும்பாலும் அடுத்த வரி மறந்துபோன இடங்களில். ஆவி படிந்தது உண்மைதான், ஆனால் துடைப்பதற்காக நான் எடுத்துக்கொண்ட நேரமெல்லாம் அரங்கிலிருந்து தப்பிக்கக் கிடைத்த நேரமாக இருந்திருக்கிறது. அதன் பின் பத்து நிமிடம் முன்னதாகவே ஹெட்செட்டை அணிந்து காலி அரங்கில் உட்கார்ந்திருப்பேன்; லென்ஸ் உடல் வெப்பத்துக்கு வந்துவிட்டால் ஆவி அவ்வளவாகப் படிவதில்லை. மங்கினாலும் கழற்றாமல் பேசி முடிக்கக் கற்றுக்கொண்டேன்.

நான் எதிர்பாராமல் பெற்ற பெரும் பேறு ஒன்று உண்டு. அது மௌனம். மூன்றாவது அமர்வில், பேச வேண்டாம், அரங்கைப் பார்த்தபடி ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள் என்றார் உளவியலாளர். அதற்கு முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறேனோ அதை எழுதித் தரச் சொன்னார். முணுமுணுப்பு எழும், யாராவது சிரிப்பார்கள், நான் மயங்கி விழுவேன் என்று மூன்று வரிகள் எழுதினேன். முதல் முறை 11 நொடிகளில் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டேன். நான்காம் முறைதான் முழு நிமிடமும் நிற்க முடிந்தது. மூன்றாவது வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார், பிறகு மீண்டும் என்னைப் பார்த்தார். இதயம் காதுக்குள் அடித்தது. முப்பதாவது நொடி வாக்கில் அது அடித்துக்கொண்டே இருக்க, நான் நின்றுகொண்டே இருந்தேன். மயக்கம் வரவில்லை. பதற்றத்தின்போது இரத்த அழுத்தம் பொதுவாக உயர்கிறது, மயக்கமோ பெரும்பாலும் அது சட்டென்று குறைவதால் வருவது என்று அவர் முன்பே விளக்கியிருந்தார். ஆனால் காதால் கேட்டதை உடம்பால் அறிந்தது அந்த ஒரு நிமிடத்தில்தான். வரி மறந்தால் மௌனமாக நின்று யோசிக்கலாம் என்ற எளிய உண்மை, ஐந்து ஆண்டுகளாக எனக்கு எட்டாமல் இருந்து அன்று எட்டியது. இதற்காக இந்தக் கருவிக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். இந்த மென்பொருளில் எதைப் பேசினாலும், எப்படிப் பேசினாலும், முடித்ததும் அரங்கம் கைதட்டுகிறது. பார்வையாளர்களின் எண்ணிக்கையை மாற்றலாம், இருமல் ஒலியைக் கூட்டலாம், ஆர்வமானவர்கள், சாதாரணமானவர்கள், சலிப்படைந்தவர்கள் என்று அவர்களின் மனநிலையையும் தேர்ந்தெடுக்கலாம். அமர்வு முழுவதும் கொட்டாவி விட்டவர்கள் கூட, முடிக்கும் பொத்தானை அழுத்தியதும் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரே ஒலியளவில், ஒரே எட்டு நொடிகள் கைதட்டுகிறார்கள். அதை நிறுத்த அமைப்புகளில் வழியே இல்லை. தயாரிப்பாளர்களுக்கு இரண்டு முறை விரிவாக எழுதினேன். அதற்குப் பின் வந்த புதுப்பிப்புகளில் அரங்குகள் கூடின, நாற்காலிகளின் நிறம் மாறியது, கைதட்டல் மட்டும் அப்படியே இருக்கிறது.

இதைச் சிறிய குறை என்று நானும் முதலில் நினைத்தேன். முதல் வாரங்களில் அந்த ஒலி எனக்கு ஆறுதலாகவே இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் பொம்மை உருவங்களின் பாராட்டு வெறும் அலங்காரம் இல்லை. 2002-இல் பெர்டாப், ஸ்லேட்டர், பார்க்கர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், எட்டு மெய்நிகர் ஆண் உருவங்கள் கொண்ட அவைக்கு முன் பேசும்படி பங்கேற்றவர்களைக் கேட்டார்கள். அவை வெறுப்போடு நடந்துகொண்டபோது, மேடையில் இயல்பாகவே தன்னம்பிக்கையுடன் பேசக் கூடியவர்களுக்கும் பதற்றம் எழுந்தது. கணினி வரைந்த உருவங்கள் என்று தெரிந்தும் மனம் அவற்றின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்துகிறது என்றால், அவற்றின் கைதட்டலை மட்டும் பொருட்படுத்தாமல் விட்டுவிடுமா? எழுபது முறை பேசினேன், எழுபது முறையும் பாராட்டப்பட்டேன். பேச்சுக்குப் பின் கைதட்டல் வருவதே இயல்பு என்று என் மனம் எனக்குத் தெரியாமலே பழகிவிட்டது.

ஹெட்செட் பழுதுக்குப் போயிருந்த மூன்று வாரங்களில் இது தெரியவந்தது. இரண்டாவது வாரம் அலுவலகத்தில் 22 பேர் முன்னிலையில் என் அறிக்கையை நானே வாசித்தேன். தொடக்கம் நன்றாக இருந்தது. நடுவில் ஒரு எண் நினைவுக்கு வரவில்லை. நின்றேன், தாளைப் பார்த்தேன், தொடர்ந்தேன். யாரும் முணுமுணுக்கவில்லை. கடைசி வாக்கியத்தைச் சொல்லி நிமிர்ந்தேன். ஒருவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார், ஒருவர் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார், கூட்டத்தை நடத்தியவர் அடுத்த பொருளுக்கான பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். எந்த அலுவலகக் கூட்டத்திலும் இதுதான் நடக்கும். ஆனால் அந்த நான்கைந்து நொடிகளில் என் வாய் உலர்ந்தது, பேச்சு பாழாகிவிட்டது என்று உறுதியாகத் தோன்றியது, நாற்காலிக்குத் திரும்பும்போது முழங்கால் நடுங்கியது. பேச்சுக்கு நடுவில் வரும் மௌனத்தைத் தாங்க எனக்குக் கற்றுக்கொடுத்த அதே கருவி, பேச்சு முடிந்தபின் வரும் மௌனத்தை ஒரு முறைகூட எனக்குக் காட்டியிருக்கவில்லை.

உளவியலாளரிடம் சொன்னபோது, சிகிச்சைக்கே இது முரணானது என்றார். நாம் அஞ்சும் முடிவு நிகழுமா என்று சோதித்துப் பார்ப்பதுதான் இதில் மருந்தாக வேலை செய்கிறது. முடிவை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால் சோதனைக்கு இடமில்லை. இப்போது முடிக்கும் பொத்தானை நான் அழுத்துவதே இல்லை. கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, பேசாமல் அவையைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்று, பிறகு ஹெட்செட்டைக் கழற்றுகிறேன். அப்படிச் செய்தால் அமர்வு நிறைவுபெறவில்லை என்று மென்பொருள் குறித்துக்கொள்கிறது, பதற்ற எண்களின் வரைபடத்தில் அந்த நாள் வெற்றிடமாக நிற்கிறது. சரியாகப் பயிற்சி செய்த நாள்களெல்லாம் கணக்கில் வராமல் போவது என்னை உண்மையாகவே வருத்துகிறது.

இந்த முறையே பயனற்றது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 2013-இல் பேஜ் ஆண்டர்சன் குழுவினர் 97 பேரை வைத்து வெளியிட்ட ஆய்வில், எட்டு அமர்வுகள் கொண்ட விஆர் சிகிச்சை, சிகிச்சை இன்னும் தொடங்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களின் நிலையைவிடத் தெளிவான முன்னேற்றத்தைத் தந்தது. உண்மையான மனிதர்கள் முன் பேசவைக்கும் குழுச் சிகிச்சைக்கும் அதற்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஓராண்டுக்குப் பின்னும் முன்னேற்றம் நிலைத்திருந்தது. சுவீடனில் பிலிப் லிண்ட்னர் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு கடையில் கிடைக்கும் சாதாரணக் கருவிகளைக் கொண்டே செய்யப்பட்டது. அதில் மூன்று மணி நேர அமர்வு ஒன்றுடன் அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. கற்றதை நிஜ வாழ்க்கைக்குக் கொண்டுசெல்ல நான்கு வார இணையவழிப் பயிற்சியையும் சேர்த்தார்கள். எனக்கு வீட்டில் விடுபட்டுப்போனது அந்தக் கடைசிப் பகுதிதான். விடுபட்டது என் தவறும்கூட. உண்மைக் கூட்டங்களில் பேசும்படி உளவியலாளர் பலமுறை சொல்லியும், இன்னும் பத்து அமர்வு ஆகட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் இந்தக் கருவியால் நான் பெற்றதே அதிகம். இப்போது என் பதற்ற எண் பெரும்பாலான நாள்களில் 35-ஐத் தாண்டுவதில்லை, என் அறிக்கையை நானே வாசிக்கிறேன். ஆனாலும் நண்பருக்கு இன்று நான் சொல்லும் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். அந்தக் கைதட்டலை நிறுத்த ஒரு பொத்தான் வரும்வரை, வழிநடத்த ஒருவர் இல்லாமல் தனியே இதை அணிந்துகொண்டு உட்காரும்படி, ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதற்கு மாறாக, வரும் சனிக்கிழமை அவரை என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். என் ஹெட்செட்டையே அணிந்து, நிறைந்த அரங்கின் முன் ஐந்து நிமிடம் பேசட்டும். கடைசி வாக்கியம் முடிந்ததும் பொத்தானை அழுத்தாமல் ஹெட்செட்டைக் கழற்ற வேண்டும். எதிரே நாற்காலிகளில் நானும் என்னுடன் பணிபுரியும் இருவரும் உட்கார்ந்திருப்போம், ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார், யாரும் கைதட்ட மாட்டோம். இதையெல்லாம் அவரிடம் முன்பே சொல்லிவிட்டேன். யோசித்துவிட்டு, வருகிறேன் என்றார்.